மூணு கால்

இருந்தவர்கள்: ஏழு வயது யாழினி, பிரிந்து வாழும் அவள் அப்பா மாசிலாமணி, சமையலறையில் அம்மா, வாசல் கதவு.

அப்பாவுக்கு மாதம் மூன்று மணி நேரம் அனுமதி. கழிந்த நேரத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதுவே பாடம், அதுவே சட்டம். அன்று தேதி ஒன்று.

"அப்பா வந்தது நாலே கால். இப்போது மணி ஐந்து. எவ்வளவு நேரம் ஆனது?" என்று கதவு கேட்டது.

யாழினி கடிகாரத்தைப் பார்த்து, கால் காலாக விரல்விட்டு எண்ணினாள். "மூணு கால்!"

"மூன்றே கால் மணி நேரம். பதிவானது. கூடுதல் கால் மணி அடுத்த மாதத்தில் கழியும். வெளியேறவும்."

"யோவ், அவ முக்கால்னு சொல்றாய்யா!" என்று மாசிலாமணி கதவிடம் கத்தினார்.

"பிள்ளையின் விடையைத் திருத்துவது குற்றம்."

"நான் சரியாத்தானேப்பா சொன்னேன்?"

"நூத்துக்கு நூறுடா கண்ணு," என்று சொல்லிவிட்டு மாசிலாமணி வெளியே போனார். கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.