ஆறு விளக்கு வண்டி

"நாலு போதாதுங்க, ஆறா மாட்டுங்க. அதுவும் பம்பர்ல வேண்டாம், கேபின் மேல வரிசையா" என்றாள் இசைவாணி.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் யூனுஸ், டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு அவளுடைய அப்பாவைப் பார்த்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் நெடுமாறன்தான். ஆனால் காலையிலிருந்து வண்டியைப் பற்றிப் பேசுவதெல்லாம் மகள்தான்.

நெடுமாறன் வாயெல்லாம் பல்லாக நின்றார். வண்டி இருபது வருஷத்துப் பழைய பிக்கப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், வாய்க்கால் கரைச் சேற்றிலும் போகும் என்று போன மாதம் ஏலத்தில் எடுத்திருந்தார். மற்றபடி அதன் ஹெட்லைட் எரிகிறதா என்று பார்க்கவே ஒரு டார்ச் வேண்டும்.

அவருக்கு இந்த விளக்கு ஆடம்பரம் இல்லை. வாய்க்கால் முடிகிற கடைமடையில் அவருடைய இரண்டு ஏக்கர் சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகிறது. ஆற்றில் தண்ணீர் போகிறது, அவர் வயலிலோ வெடிப்பு. பகலெல்லாம் வாய்க்காலில் வருகிற தண்ணீர், இருட்டியதும் நின்றுவிடும். மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கும் மதகில் யாரோ பலகையைப் போட்டு அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறான். ஆளைப் பிடிக்க டார்ச்சோடு நடந்து போய் ஒருமுறை வாய்க்காலுக்குள் விழுந்து எழுந்தார். பைக்கில் போய்ச் சேற்றில் மாட்டினார். மிச்சம் இருந்தது இந்தப் பிக்கப்தான்.

"இன்னும் நாலு நாள் இப்படியே போனா பயிர் கருகிடும் தம்பி. அவன் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். எவனா இருந்தாலும் சரி, ஊர் நடுவுல நிறுத்திட்டுத்தான் மறுவேலை" என்றார் நெடுமாறன்.

அப்பா விளக்கு மாட்டப் போகிறார் என்று போனில் கேட்டதுமே இசைவாணி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். அவள் வாழ்க்கைப்பட்டது மேல்மடை ஊரில். ஆறு விளக்கையும் அவளே வாங்கிக் கொண்டுவந்திருந்தாள். ஊரில் அப்பன் மகளுக்குச் சீர் செய்வான், எனக்கு என் மகள் சீர் செய்கிறாள் என்று நெடுமாறன் டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

யூனுஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர், தப்பைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்.

"அண்ணே, திருடனைப் பிடிக்கப் போறவங்க மேளம் அடிச்சுக்கிட்டா போவாங்க? ரெண்டு லைட்டைக் கீழ மாட்டிக்குங்க. கிட்ட போனதும் சட்டுனு போடுங்க. ஆறை உச்சியில மாட்டினா, நீங்க வர்றதை மன்னார்குடிக்காரன்கூடப் பார்ப்பான்."

நெடுமாறன் தலையைச் சொறிந்தார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இசைவாணி விடவில்லை.

"கரை எவ்வளவு குறுகல்னு உங்களுக்குத் தெரியாதுங்க. விழுந்து எழுந்தவர் என் அப்பா. திருடன் கிடைக்காட்டியும் பரவாயில்ல, எனக்கு அப்பா முழுசா வேணும்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து நெடுமாறனுக்கும் கலங்கிவிட்டது. யூனுஸ் ஆறையும் கேபின் மேலேயே வரிசையாக மாட்டினார். பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தார், ரிலேயும் ஃபியூஸும் வைத்தார், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்விட்ச் ஒன்று பொருத்தினார்.

மாப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் என்ன என்று நெடுமாறனுக்கு ஒரு யோசனை வந்தது. தன் கணவருக்கு ராத்திரி கண்விழித்தால் ஆகாது, ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார் என்றாள் இசைவாணி. நல்ல பழக்கம்தான் என்று நெடுமாறனும் விட்டுவிட்டார்.

அந்தி சாயும் நேரம் வேலை முடிந்தது. நெடுமாறன் ஸ்விட்சைத் தட்டினார். எதிர்ச் சுவர் வெள்ளையடித்த மாதிரி பளிச்சென்றது. மூடிய கேட்டில் காத்துக்கிடந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இறங்கி வந்து வண்டி என்ன மாடல் என்று விசாரித்தார். நெடுமாறன் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். அறுபது வயது மனிதர் சின்னப் பையன் மாதிரி ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

கிளம்புமுன் இசைவாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டு வாசல்லயே லைட்டைப் போட்டுடுங்கப்பா. மதகு போற வரைக்கும் அணைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் ஆறரை மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள்.

ராத்திரி எட்டரை மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் நின்றது. நெடுமாறன் இதற்காகத்தானே காத்திருந்தார்! வண்டியில் ஏறி, வாசலிலேயே ஆறு விளக்கையும் போட்டார். கரை பகல் மாதிரி விரிந்தது. ஒவ்வொரு புல்லும் தெரிந்தது. இன்றைக்கு எவனும் தப்ப முடியாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார். இத்தனை உற்சாகமாக அவர் வண்டி ஓட்டியதே இல்லை.

மேல்மடை ஊரில் மொட்டைமாடியில் நின்றிருந்த இசைவாணிக்கு அந்த வெளிச்சம் கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. அவசரமாகக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அப்பா கிளம்பிட்டார். மதகுப் பலகையைத் தூக்கிவிட்டுட்டு ஓடி வந்துடுங்க."