விடைகளுக்கு ஸ்கேன் செய்யவும்

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சாக்கில், அவள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மேடையில் விரித்து, குறுக்கெழுத்துப் புதிரின் ஓரத்தில் இருந்த க்யூஆர் கோடின் மேல் போனைப் பிடித்தாள்.

விடைகள் திரையில் வரிசையாக இறங்கின. எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டாள். குறிப்புகளைப் படிக்க நேரமில்லை. கூடத்தில் செருமல் கேட்டுவிட்டது.

வாராவாரம் இதே கள்ளத்தனம்தான்.

ரயில் ஓட்டிய காலமெல்லாம் கணவர் அவளிடம் கேட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே. ஓய்வு பெற்ற பிறகும் ஜன்னலோரமே கதி என்று கிடந்தார். ஒரு ஞாயிறு, திடீரென்று நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, "இதுக்கு என்ன வரும், நீ சொல்லு" என்றார்.

குருட்டாம்போக்கில் சொன்னாள். சரியாக இருந்தது.

"கெட்டிக்காரிதான்" என்றார்.

அன்றிலிருந்து பயம். தெரியாது என்று ஒருமுறை சொன்னால், நாற்காலி மறுபடி ஜன்னலோரம் போய்விடுமோ?

தேநீரும் பத்திரிகையுமாகப் போய் உட்கார்ந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஏழு, மேலிருந்து கீழ். தூது போகும், தூறியும் போகும். மூணு எழுத்து."

யோசிப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒட்டகச்சிவிங்கி."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முகம் சுட்டது.

அவர் சிரிக்கவில்லை. கழுத்தை மடக்கி, காலை மடக்கி, ஒட்டகச்சிவிங்கியை மூன்று கட்டத்துக்குள் எப்படியோ அடைத்து எழுதினார்.

"சிறுவர் பக்கத்து விடைய இங்க மாத்திப் போட்டுட்டாங்க" என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில நானும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன்."

அவள் நிமிர்ந்தாள். "நீங்களுமா? எப்பலருந்து?"

அவர் தேநீரை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் இத்தனை ஞாயிறும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளிடம் கேட்டிருக்கிறார்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. தேநீர் பத்திரிகையில் சிந்தியது.

"சரி, எட்டுக்கு வாங்க" என்று அவள் தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

மதியத்துக்குள் இரண்டே சொல்தான் நிறைந்தது. அவை சரியா என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.