சத்தம் வராத வீடியோ

"பாட்டு பிளேயர்ல படம் ஓடறதுக்கு வேற சாஃப்ட்வேர் போட்டுட்டனுங்க. ஆனா சத்தம்தான் வரமாட்டேங்குது" என்றான் செல்போன் கடைக்காரன் சசிகுமார், சங்கடத்துடன்.

"பரவால்லண்ணே" என்றாள் பனியன் கம்பெனி டெய்லர் விஜயராணி. "மொரீஷியஸ்ல இருந்து வீட்டுக்காரர் அனுப்புன வீடியோ. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க, டீ டயத்துல இதுல பாத்துக்கிடுவேன்."

"ஏனுங்கக்கா, அவரு குரலைக் கேக்க வேண்டாமா? போன் போட்டாவது பேசுங்க."

"போன்ல பேச முடியாதுண்ணே."

ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தவன், மேற்கொண்டு கேட்காமல் வீடியோவை ஓட்டிக் காட்டினான்.

தீப்பெட்டி அளவுத் திரையில் அவள் கணவன் வாயே திறக்கவில்லை. விரல்களால் பேசிக்கொண்டிருந்தான்.

விஜயராணி பிளேயரை வாங்கிக் கடைக் கம்ப்யூட்டர்மேல் சாய்த்து வைத்தாள். கைகள் இரண்டும் காலியானதும், திரையில் இருந்த கணவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.