மூன்றாவது பந்து

“அமெரிக்காவுல மூணு சீசன் ஆடுன ரொன்டோனை விட்டுட்டு, இந்த ஆலையைத் தாண்டாத டெலோ பேரை எழுதணுமா? கேக்குறவன் வாயால சிரிக்க மாட்டான்யா!”

பார்பர் ஒக்தாவியோ சொல்லி முடித்ததும் பாதாம் மரத்தடியில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் அவருடைய கத்தரிக்கோலையும், அதற்குத் தப்பாத காதுகளையும் இழுத்து வைத்துப் பேசினார்கள்.

எர்மெலிண்டா கை தட்டவுமில்லை, கத்தவுமில்லை. அப்பாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டெலோ அவளுடைய அப்பா.

சர்க்கரை ஆலையின் பேஸ்பால் மைதானத்தில் ஒரு புகழ்ச் சுவர் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பெயர்தான் அதில் ஏறும்; இந்த வருடத்துப் பெயரை முடிவு செய்யத்தான் இன்று கூடியிருந்தார்கள். இந்த ஊர் ஆட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் கிடையாது. அடுத்த வருடம் வரைக்கும் அப்பா தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் அது தெரியும்.

சண்டை வெயிலோடு சேர்ந்து ஏறியது. ரொன்டோனின் வேகம் பெரிதா, டெலோவின் இடது கை பெரிதா? வாங்கி வைத்த காபி எல்லோர் கையிலும் ஆறிப்போனது.

கடைசியில் ஒக்தாவியோ இறங்கி வந்தார்.

“சரிப்பா. ரொன்டோன் சின்னப் பய, அவன் காத்திருப்பான். உங்க டெலோகிட்ட தோத்த ஒருத்தன் வந்து தட்டு மேல நிக்கட்டும். நான் வாயைப் பொத்திக்கிறேன்.”

சுவரின் சட்டம் அதுதான். கூட ஆடியவன் புகழ்ந்தால் செல்லாது. பெற்ற பிள்ளை அழுதாலும் செல்லாது. தோற்றவன்தான் வரவேண்டும். மட்டையோடு நின்று தோற்ற மைதானத் தரையில் பதித்த அதே வெள்ளைத் தட்டின் மேல் ஏறி, தொப்பியைக் கழற்றி, ‘இவன் என்னை ஜெயித்தான்’ என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் மறுபேச்சு இல்லை.

டெலோவிடம் தோற்றவர்களை ஏற்ற ஒரு காலத்தில் பஸ் போதாது. இப்போது சிலர் கல்லறையில், சிலர் நியூயார்க்கில். அவரை எதிர்த்து மட்டை பிடித்தவர்களில் ஊரில் மிஞ்சியது ஃபெர்மின் மட்டும்தான்.

ஆனால் ஃபெர்மின், டாமினோ மேசையில் உட்கார்ந்த நாள் முதல் ஒரே பாட்டைப் பாடுகிறவர். “டெலோ போடுற பந்தா? அது எனக்குப் பொரிச்ச வாழக்கா! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை அவுட் ஆக்கியிருப்பானா, கேளு அவனை!”

அதில் பாதி பொய் என்று ஊர் நம்பியது. முழுக்கப் பொய் என்று எர்மெலிண்டா நம்பினாள். அந்த வாய்க்காகவே அவரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆனாலும் இன்று அவரைத்தான் பார்த்தாள். கூச்சத்தை விட்டு, கெஞ்சுகிற மாதிரியே பார்த்தாள்.

ஃபெர்மின் கையிலிருந்த டாமினோக் கட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். எழுந்தார். முழங்கால் வலியோடு மைதானத்துக்குள் நடந்து, தட்டின் மேல் ஏறி நின்றார்.

தொப்பியைக் கழற்றினார். அவர் தலை வழுக்கை என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

“டெலோ கையிலேர்ந்து பந்து கிளம்புறதை எதிர்ல நின்னு பாத்தவங்க இங்க வேற யாரும் இல்ல. நான் பாத்திருக்கேன். நேரா வர்ற மாதிரிதான் வரும். நாம மட்டையை வீசுற நேரத்துல, வீட்டுல சாவியை மறந்தவன் மாதிரி சட்டுனு ஒரு திரும்பு திரும்பும். அப்படி ஒரு கை இந்த டொமினிக்கன் மண்ணுல இன்னொண்ணு பொறக்கல.”

அவர் டெலோவின் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் ஒரு நாள் மூணு பந்து போட்டான். மூணையும் விட்டு அவுட் ஆனேன். மூணாவது வந்ததையே நான் பாக்கல. இவன் என்னை ஜெயிச்சான்.”

அப்பாவின் கை எர்மெலிண்டாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பெருமைதான் என்று அவள் நினைத்தாள்.

விசில் பறந்தது. ஒக்தாவியோ சொன்னபடி வாயைப் பொத்திக்கொண்டார். சுவரில் ஏணி சாய்ந்தது. பெயர் எழுதுகிறவன் நீல பெயின்டைக் கலக்கி, முதல் எழுத்தைப் போட ஆரம்பித்தான்.

எர்மெலிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். “அப்பா, அந்த மூணாவது பந்தை எப்படிப்பா போட்டீங்க?”

டெலோ சுவரைப் பார்க்கவில்லை. ஃபெர்மினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படி ஒரு பந்து நான் போட்டதே இல்லம்மா,” என்றார் மெதுவாக. “அவனை ஒரு தடவைகூட நான் அவுட் ஆக்குனதில்ல.”

அங்கே டாமினோக் கூட்டாளிகள் ஃபெர்மினைச் சூழ்ந்துகொண்டு, இல்லாத மட்டையைக் காற்றில் வீசி வீசிக் காட்டினார்கள். “என்ன பெருசு, பொரிச்ச வாழக்கா தொண்டையில சிக்கிருச்சா?”

ஒரு சொல்லுக்கு ஒன்பது திருப்பித் தருகிற மனிதர், தொப்பியை இன்னும் கையில் பிடித்தபடி, அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.