தலைமை தாங்கினது ஆர்?

"இந்த லயத்துக்குத் தண்ணிக் குழாய் இழுத்தது, பூட்டிக் கிடந்த பிள்ளைக்காம்பராவைத் திறந்து பின்னேர வகுப்பு நடத்தினது... இதுக்கெல்லாம் தலைமை தாங்கினது ஆர்?"

கையில் ஃபைலோடு வாசலில் நின்றவர் இப்படிக் கேட்டதும் பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவை மறித்து நின்றாள். அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து கொழுந்துக் கூடையைக் கழற்றியிருந்தாள்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் வந்து தலைவர் யார் என்று கேட்டு, அது நல்லதில் முடிந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. போன வருஷம் தண்ணி கேட்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் இந்த வரிசைவீட்டு லயமே திரண்டு நின்றது. முன்னால் நின்று பேசிய சுரேனை மட்டும்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போச்சு, போலீஸ் கேஸும் ஆச்சு. இப்போது கொழும்பில் ஏதோ கடையில் மூட்டை தூக்குகிறான். தண்ணி மட்டும் வரவேயில்லை.

அந்தத் தண்ணியைத்தான் பூவம்மாவின் மகள் கம்சலா கொண்டுவந்தாள். பல்கலைக்கழகப் படிப்புக்கென்று இந்த லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன ஒரே பிள்ளை. லீவுக்கு வந்தவள் ஆட்களைத் திரட்டி, மேல்மலை ஊற்றிலிருந்து குழாய் இழுத்தாள். அதோடு விட்டாளா? கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக இருந்த பிள்ளைக்காம்பராவைத் தோட்டம் மூடிப் போட்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் பூட்டை உடைத்து, உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

பூட்டு உடைந்த அன்றே பூவம்மாவின் தூக்கம் போய்விட்டது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் கம்பஸில் வைத்திருப்பார்களா?

"நீங்க யாருங்க ஐயா?"

"நான் இரகுநாதன். பதுளையில இருந்து வாறன். உங்கட மகள் கம்சலாவைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேணும். பயப்பிடாதேங்கோ, பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது."

சுரேனைக் கூட்டிக்கொண்டு போனபோதும் இதே பேச்சுத்தான்.

"எதுக்குங்க விசாரணை?"

"அதை நான் சொல்லக் கூடாது, அம்மா."

சொல்லக் கூடாதாம்! பூவம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

"எம் மகளாங்க? நல்லா கேட்டீங்க போங்க! லீவுக்கு வந்தா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கும். ஒரு வாளி தண்ணி தூக்காது. அதுவாவது குழாய் இழுக்கிறதாவது!"

"பிள்ளையளுக்குப் படிப்பிச்சவ எண்டு கேள்விப்பட்டனே?"

"அதுவா? நாலு பேரு முன்னால வாயத் தொறக்காதுங்க. லயத்துல செத்தாலும் பொழைச்சாலும் எட்டிப் பாக்காது. தன் காரியம் மட்டுந்தான் அதுக்கு."

தங்கமான பிள்ளையைப் பெத்தவ வாயாலேயே இப்படிப் பேசவைக்கிறானே பாவி என்று அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சுலோஜனா வெளியே வந்தாள். அவள் மகன் கம்சலாவிடம் படித்துத்தான் ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினான். பூவம்மா லேசாகக் கண்ணைக் காட்டினாள். அது போதாதா?

"ஆமாங்க ஐயா. அந்தப் புள்ள யாரோடயும் ஒட்டாது. பெரிய படிப்புப் படிக்குதுல்ல, அந்தத் திமிரு."

"அப்ப இந்தக் குழாய்?"

"எல்லாரும் சேந்து இழுத்தோங்க. தலைவரு கிலைவருன்னு யாரும் இல்ல."

அவர் விடவில்லை. சேற்றில் சப்பாத்து புதையப் புதைய வாசல் வாசலாக ஏறி இறங்கினார். அதற்குள் சங்கதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றன.

திரும்பிவந்தவரின் முகம் வாடிப்போயிருந்தது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ, அம்மா. இண்டைக்கே நான் முடிவு குடுக்க வேணும். பிறகு ஒருத்தராலயும் மாத்தேலாது."

"யோசிக்க என்னங்க இருக்கு? உள்ளதத்தானே சொல்றேன்."

அவர் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டார். "எவ்வளவோ நம்பி வந்தனான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேனில் ஏறினார்.

வேன் வளைவில் மறையும்வரை எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். "தப்பிச்சிட்டோம்க்கா!" என்று சுலோஜனா வந்து கட்டிக்கொண்டாள். பூவம்மா அழுதாள், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். புதிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லைதான். ஆனால் இருந்தது பறிபோகவில்லை, இந்தத் தோட்டத்தில் அதுவே பெரிய காரியம். மகள் படித்து முடித்துவிடுவாள் என்ற தெம்பில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்போது போன் அடித்தது. கம்சலாதான்.

"அம்மா! காலையிலேருந்து அடிக்கிறேன், லைனே கெடைக்கல."

"நானே ஒன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் புள்ள. நீ இனிமே எதுக்கும் பயப்படாத..."

"இருங்கம்மா, மொதல்ல நான் சொல்லிடுறேன். கம்பஸ்ல தலைமைத்துவத்துக்கும் சமூக சேவைக்கும் விருது குடுக்கிறாங்க. எம் பேரு கடைசி ரவுண்டு வரைக்கும் வந்திருச்சு! கெடைச்சா படிப்பு முடிஞ்சதும் வேலையும் போட்டுக் குடுப்பாங்களாம்."

பூவம்மாவின் கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது.

"இன்னைக்கு ஒரு சார் நம்ம லயத்துக்கு வந்து விசாரிப்பாராம். எதுக்குன்னு சொல்ல மாட்டாராம், சொன்னா எல்லாரும் கூட்டிச் சொல்லிருவாங்களாம். நீங்க ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம்மா, நான் செஞ்சதச் சொன்னாப் போதும்."