சென்னம்மாளின் பதில்கள்

“அடடா, இப்பத்தானுங்க மேடம் பஸ் ஏறிப் போனா. ஒரு அஞ்சு நிமிசம் முன்ன வந்திருந்தீங்கன்னா பூவிழியப் பாத்திருக்கலாம்,” என்றாள் சென்னம்மாள்.

கொடியில் நீலச் சுடிதார் ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. யுவராணி அதையும் பார்த்தாள், சாத்தியிருந்த வீட்டுக் கதவையும் பார்த்தாள். அந்த வழியில் காலை எட்டு மணிக்குப் பிறகு பஸ்ஸே கிடையாது. பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டு வழியே மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவளிடம் போய் இந்தக் கதையா!

யுவராணியின் தொண்டு நிறுவனம் மிகச் சின்னது. அவளையும் சேர்த்து மூன்றே பேர். படிப்பை நிறுத்திக் கல்யாணம் கட்டிவைக்கப் பார்க்கிற பெண் பிள்ளைகளை மறுபடி பள்ளியில் சேர்ப்பது அவர்கள் வேலை. செய்ததற்குப் பலன் உண்டா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு முப்பத்திரண்டு கேள்விகள் கேட்பார்கள்.

மற்றவர்கள், “காட்டுல இருக்கறேங்க, அப்பறம் பேசறேன்” என்று நாலாவது கேள்வியிலேயே போனை வைத்துவிடுவார்கள். சென்னம்மாள் மட்டும் அரை மணி நேரம் பேசுவாள். மகள் பூவிழி தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் இளைத்துவிட்டாள், கைக்கடிகாரம் கேட்கிறாள் என்று கேட்காததற்கெல்லாம் பதில் வரும். வயதை மட்டும் போன வருஷமும் பதினேழு என்றாள், இந்த வருஷமும் பதினேழு என்றாள். யுவராணி சிரித்துக்கொண்டே பதினெட்டு என்று திருத்தி எழுதிக்கொண்டாள்.

இந்த முறை, பத்தில் ஒரு பிள்ளையை நேரில் பார்த்துச் சரிபார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். பூவிழியில் தொடங்கலாம் என்று கல்லூரியில் விசாரித்தாள். அந்தப் பேரில் யாரும் அங்கே சேரவே இல்லை என்றார்கள். யுவராணி மறுநாளே கிளம்பிவிட்டாள்.

மூன்று வருஷம் முன்பு, பந்தக்கால் நட்ட பிறகு, இதே வாசலில் நின்று கெஞ்சிக் கூத்தாடி பூவிழியின் கல்யாணத்தை நிறுத்தியவள் அவள்தான். பதினைந்து வயதுப் பூவிழி அன்றைக்கு அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அதற்குப் பிறகு இங்கே வந்து ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று யுவராணி இப்போது நொந்துகொண்டாள். படிவம்தான் நன்றாக நிரம்பி வந்ததே, அது போதுமென்று இருந்துவிட்டாள்.

இது ஆடி மாசம். புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிற மாசம். ஈரச் சுடிதார், சாத்திய கதவு, வாய்க்கு வந்த பொய். கூட்டிக் கழித்துப் பார்க்க இன்னும் என்ன வேண்டும்?

“அக்கா, நேராவே கேக்கறேன். பூவிழிய போன வருசமே கட்டிக் குடுத்துட்டீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“காலேஜ்ல அவ பேரே இல்லையே?”

சென்னம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “அது… வேற காலேஜுங்க.”

“எந்தக் காலேஜு?”

சென்னம்மாள் திரும்பி, கொடியில் கிடந்த சுடிதாரின் ஓரத்தைப் பிழிந்தாள்.

“அவங்கப்பா எங்க? அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

“பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டாருங்க. வூட்டுப் பக்கமே வர்றதில்ல.”

“பதினெட்டு முடியறதுக்குள்ள கட்டிக் குடுத்திருந்தீங்கன்னா போலீஸ் வரும், தெரியுமில்ல? படிக்க வெக்கறேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே அக்கா!”

“வெச்சேங்க மேடம். பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சேன்.”

யுவராணிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தப் பிள்ளை உள்ளே வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒளிந்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டாள். விடுவிடுவென்று கதவருகே போய்த் தட்டினாள்.

“பூவிழி! யுவராணி மிஸ் வந்திருக்கேன். ஒண்ணும் திட்ட மாட்டேன்மா. வெளிய வா கண்ணு… பூவிழி!”

கதவைத் தள்ளித் திறந்தாள். ஒற்றை அறை. மூலையில் இரண்டு உர மூட்டைகள், அடுப்பில் ஒரு ஆளுக்கான சின்னப் பாத்திரம், சுருட்டி வைத்த ஒரே ஒரு பாய். ஆளைக் காணோம்.

திரும்பினாள். சென்னம்மாள் வாசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பொய் பிடிபட்டவள் முகமாக அது இல்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை. இரண்டு கையையும் கூப்பி, குரல் உடைய, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இன்னொருக்கா கூப்புடுங்க மேடம்… அவ செத்து இந்த ஒண்ணரை வருசமா, இந்த வாசல்ல நின்னு யாருமே அவ பேரச் சொல்லிக் கூப்புடலீங்க.”