எல்லாம் இருக்கிற பை

வாஞ்சூர் செக்போஸ்ட் வாசலில் நின்றுகொண்டு சப்-இன்ஸ்பெக்டர் சோமசேகரன் தாரை தாரையாகக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். நாகூர் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டினார்கள்.

யாரும் போகவில்லை. சினிமாக்காரன் பையில் கிடந்த சின்னப் புட்டியில் இருப்பது சாராயமோ என்று விரலில் தொட்டு முகர்ந்தவர், அதே விரலால் கண்ணையும் கசக்கிவிட்டார்.

"அது கிளிசரின் சார்" என்றான் பிலோமின்ராஜ். "எங்க ஹீரோயினுக்கு அழுகையே வராதுங்க. அதத் தடவினாத்தான் கண்ணுல தண்ணி வரும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா?" என்று அழுதுகொண்டே அதட்டினார் எஸ்.ஐ.

பிலோமின்ராஜ் காரைக்கால்காரன். கோடம்பாக்கத்துக்குப் போய், படப்பிடிப்புக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களைச் சுமக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டவன். இப்போது அவனுடைய கம்பெனி காரைக்காலில் தங்கி நாகூர்க் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஹீரோவுக்குப் படப்பிடிப்பின் கடைசி நாள். அவர் சரியான பிடிவாதக்காரர். நிஜ ஆப்பிளுக்குப் பதில் மெழுகு ஆப்பிளைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று முந்தின நாள் பூராவும் நடிக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் பை வந்து சேராவிட்டால் இனி வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் பிலோமின்ராஜிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகுட்டிக்காரன், பயப்படாமல் என்ன செய்வான்?

சோமசேகரனுக்கும் ஒரு கவலை இருந்தது. காரைக்காலில் தெருவுக்குத் தெரு மதுக்கடை. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அப்போது மதுவிலக்கு. அப்படி ஒரு இடத்தில் டூட்டி பார்த்தும் அவர் இன்னும் ஒரு கேஸ்கூடப் பிடித்தபாடில்லை.

"இது என்னய்யா கண்றாவி?" பெண்கள் மாட்டுகிற மெல்லிய நைலான் காலுறை ஒன்றைச் சுண்டுவிரலால் தூக்கினார்.

"கேமராவுக்குப் போடறதுங்க. எங்க ஹீரோவுக்கு அம்பது தாண்டிடுச்சு. இது வழியாப் பாத்தா முப்பதுதான் தெரியும்."

எஸ்.ஐ. காலுறையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கான்ஸ்டபிள் உத்திராபதியை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமாய்யா! இந்த ஆளுகூட லட்சணமாத்தான் இருக்கான்."

அடுத்து ஒரு டப்பா நிறைய அடுப்புச் சாம்பல் வந்தது. பிச்சைக்காரன் வேஷக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நிற்பார், அதில் பூச என்றான் பிலோமின்ராஜ்.

"நாய் பிஸ்கட் இருக்கு. நாய் எங்க?"

"அது பெரிய கார்ல முன்னாலயே போயிடுச்சுங்க."

துணி காயப்போடும் கிளிப் எதற்கு என்று கேட்டதும் பிலோமின்ராஜ் செய்தே காட்டினான். எஸ்.ஐ.யின் தொளதொள சட்டையை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப் போட்டான். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. உத்திராபதி தன்னையறியாமல் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

எஸ்.ஐ.க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போய் வா என்று சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, உத்திராபதி பையின் அடியில் துண்டில் சுற்றிக் கிடந்த இரண்டு பிராந்தி பாட்டில்களை வெளியே எடுத்தார்.

"டீ சார்!" யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான் பிலோமின்ராஜ். "இன்னைக்குக் குடிகார சீன் எடுக்கறாங்க. சினிமாவுல குடிக்கறதெல்லாம் பால் ஊத்தாத டீதாங்க."

"சீல் உடையாம இருக்கேய்யா?"

"கேமரா முன்னாடி ஹீரோ திருகித் திறப்பாருங்க. அதுக்காக நான்தான் பசை போட்டு ஒட்டி வச்சேன்."

"அப்ப ஒரு வாய் குடிச்சுப் பாத்துடுவோம்."

"வேணாம் சார்! முந்தாநாள் போட்ட டீ. வயித்தால போவும்!"

எஸ்.ஐ. கேட்கிற மாதிரி இல்லை. மூடியைத் திருகி அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார். பிலோமின்ராஜ் கண்ணை இறுக மூடி வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டான். உத்திராபதி விலங்கைத் தேடி உள்ளே போனார்.

"டீதான்யா" என்றார் எஸ்.ஐ. ஏமாற்றத்தோடு. "சக்கர பத்தல."

பிலோமின்ராஜ் அசையாமல் நின்றான். ரோஷக்காரன், மனசு புண்பட்டுவிட்டது போல என்று எஸ்.ஐ.க்குச் சங்கடமாகப் போயிற்று. "கோவிச்சுக்காதய்யா, கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சமாதானம் சொல்லி, பையைத் தன் கையாலேயே வேனில் ஏற்றி வழியனுப்பினார். முதுகில் கிளிப்புகள் அப்படியே இருந்தன.

வேன் கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் அலாவுதீன் சிரித்தார். "அல்லா காப்பாத்துனான். நீங்கதான் மொதல்லயே டீன்னு உண்மையச் சொல்லிட்டீங்களே, அப்புறம் ஏன்ணே மூஞ்சி செத்துப் போயிருக்கு?"

பிலோமின்ராஜ் அடுத்த பாட்டிலையும் அவசரமாகத் திருகி ஒரு வாய் குடித்துப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

"வண்டியத் திருப்புங்க பாய்! சொந்த ஊர்க் கடையாச்சேன்னு நம்பி, நான் பிராந்தின்னுல்ல வாங்கிட்டு வந்தேன்!"